ஹாஃப்-லைஃப்: மூலம் முதலிலா, மறுஆக்கம் முதலிலா?

எங்கள் துறையின் வாசிப்பு வட்டம் இந்தக் குளிர்கால விடுமுறைக்கு நூலுக்குப் பதிலாகக் கணினி விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறது. 'ஹாஃப்-லைஃப்' என்பது முடிவாகிவிட்டது. எந்த 'ஹாஃப்-லைஃப்' என்பதுதான் முடிவாகவில்லை. 1998இல் வால்வ் நிறுவனம் உருவாக்கிய மூலமா, ரசிகர்கள் கூடி ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைத்து 2020இல் நிறைவுசெய்த 'ப்ளாக் மெசா' என்னும் மறுஆக்கமா? வட்டத்தில் ஒன்பது பேர். அவர்களில் ஐவர் 'ஷூட்டர்' வகை விளையாட்டை இதுவரை தொட்டதே இல்லை. அவர்களுக்கு எது முதல் அனுபவமாக அமைய வேண்டும் என்ற பேச்சிலேயே இரண்டு கூட்டங்கள் கழிந்தன. கூட்டத்தில் சொன்னதைவிடச் சற்று ஒழுங்காக என் தரப்பை இங்கே எழுதிவைக்கிறேன். மூலபாட ஆய்வு செய்கிறவனின் சாய்வு எந்தப் பக்கம் இருக்கும் என்பதை நண்பர்கள் ஊகித்திருப்பார்கள். ஆனால் சாய்வு வேறு, காரணம் வேறு.

நீண்ட பதிவு. கதையின் திருப்பங்கள் சில இதில் வெளிப்படும். அந்த ஐவர் இந்த வரியோடு நிறுத்திக்கொண்டு, ஆடி முடித்தபின் திரும்பி வருவது நல்லது.

இந்த விளையாட்டின் பெயரை அறியாத இந்தியர்களும் அதன் பிள்ளையை அறிவார்கள். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் பொறியியல் கல்லூரி விடுதிகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் விடியவிடிய ஓடிய 'கவுன்டர்-ஸ்ட்ரைக்', 1999இல் 'ஹாஃப்-லைஃப்' மீது இருவர் கட்டியெழுப்பிய மோட். அதாவது, இருக்கும் விளையாட்டின் உறுப்புகளை மாற்றியமைத்து ரசிகர்கள் செய்யும் புதிய விளையாட்டு. மறு ஆண்டே வால்வ் அதை ஏற்றுக்கொண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. தாயின் முகம் பாராமல் பிள்ளையோடு விளையாடி வளர்ந்த தலைமுறை நம்முடையது. ஆகவே இங்கே 'ஹாஃப்-லைஃப்' ஒரு பழைய காதலாக எவர் நெஞ்சிலும் இல்லை. மூலத்தை முன்னிறுத்துவது கடந்தகால ஏக்கம் என்று மேலைநாட்டு விவாதங்களில் எளிதாகத் தள்ளிவிடுவார்கள். எங்கள் வட்டத்துக்கு அந்தக் குற்றச்சாட்டுப் பொருந்தாது. ஏங்குவதற்கு எங்களிடம் அப்படி ஒரு கடந்தகாலமே இல்லை.

கதை ஆய்வு மாணவர்களுக்கு நெருக்கமானது. நாயகர் கோர்டன் ஃப்ரீமன், வயது 27, எம்.ஐ.டி.யில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நியூ மெக்சிகோ பாலைநிலத்தின் அடியில் புதைந்து கிடக்கும் ப்ளாக் மெசா ஆய்வு மையத்தில் வேலை. அத்தனை படித்தவருக்கு ஒப்படைக்கப்படும் பணி என்ன? மாதிரிப் பொருள் ஏற்றிய தள்ளுவண்டியைக் கதிர் ஓடும் கருவிக்குள் தள்ளிவிடுவது. ஆய்வக வாழ்வை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன விளையாட்டு வேறு எனக்குத் தெரியாது.

அன்று காலை அவர் தாமதமாக வருகிறார். ஆட்டம் தொடங்கிச் சுமார் ஐந்து நிமிடத்துக்கு எதையும் சுட முடியாது, கையில் துப்பாக்கியே இல்லை. ட்ராம் பெட்டி ஒன்று மலைக்குடைவின் வழியே நகர்கிறது. நாம் அதற்குள் நடக்கலாம், ஜன்னல் வழியே பார்க்கலாம், அவ்வளவுதான். அறிவிப்புக் குரல் வெளி வெப்பநிலையைச் சொல்கிறது, தகுதியுள்ள நண்பர் உறவினர் இருந்தால் இங்கே வேலைக்குப் பரிந்துரைக்கச் சொல்கிறது. பூட்டிய கதவொன்றைத் தட்டிக்கொண்டு ஒரு காவலர் நிற்கிறார். எந்திரக் கைகள் எதையோ தூக்கி வைக்கின்றன. திரையின் ஓரத்தில் ஆக்கியோர் பெயர்கள் தோன்றி மறைகின்றன. பிறகு பாதுகாப்பு உடை, பரிசோதனைக் கூடம், அந்தத் தள்ளுவண்டி. வண்டியைத் தள்ளுவது நாமே. அதன்பின் நேரும் பேரழிவு முழுவதும் நம் கை தொட்டுத் தொடங்கியது. வேற்றுலக உயிர்கள் கூடத்துக்குள் கொட்டுகின்றன. ஒருநாள் முன்புவரை எளிய ஊழியராக இருந்த இயற்பியலாளர் சிறு கடப்பாரை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மேல்தளம் நோக்கி ஏறத் தொடங்குகிறார்.

1998இல் இது ஏன் புதுமை என்பதைச் சொல்லியாக வேண்டும். 'டூம்', 'குவேக்' வரிசை விளையாட்டுகளில் கதை என்பது பெட்டியின் பின்னட்டையில் அச்சிடப்படும் செய்தி. உள்ளே சுடுவது மட்டும்தான். கதை சொல்ல விரும்பிய விளையாட்டுகளோ ஆட்டத்தை நிறுத்தி, கட்டுப்பாட்டைப் பறித்து, சிறு திரைப்படத்தை ஓட்டிக் காட்டின. 'ஹாஃப்-லைஃப்' இரண்டையும் செய்யவில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை பார்வை ஃப்ரீமனின் கண்ணைவிட்டு விலகுவதில்லை. ஃப்ரீமன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கதை நம்மைச் சுற்றி நடக்கிறது. திரும்பிப் பார்த்தால் தெரியும், பார்க்காவிட்டால் கடந்துபோகும்.

இந்த வடிவம் எளிதாக அமையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வால்வ் 1996இல் கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் என்ற இரண்டு முன்னாள் மைக்ரோசாஃப்ட் ஊழியர்களால் தொடங்கப்பட்டது. 'குவேக்'கின் என்ஜினை உரிமம் பெற்று வாங்கித் தமக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். 1997இல் வெளியாகவேண்டிய விளையாட்டு ஏறக்குறைய முடிந்த நிலையில், அது நன்றாக இல்லை என்று தாமே தீர்மானித்து, பெரும்பகுதியைக் கலைத்துவிட்டு மீண்டும் கட்டினார்கள். அதுவரை செய்த துண்டுகளில் சுவையானவற்றை மட்டும் ஒரே மாதிரி அத்தியாயத்தில் திணித்துப் பார்த்து, அதை அளவுகோலாக வைத்து ஒரு வடிவமைப்புக் குழு முழு ஆட்டத்தையும் திரும்ப எழுதியது. ஆக, நாம் மூலம் என்று அழைப்பதே ஒரு மறுஆக்கம்தான். இதை எதிர்த்தரப்பினர் கூட்டத்தில் சொல்ல மறந்தார்கள். அவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். இரண்டையும் ஆடப்போகிறோம் என்று வைத்துக்கொண்டால், வரிசை ஏன் பொருட்டாக வேண்டும்?

2004இல் வந்த 'ஹாஃப்-லைஃப் 2'இல் ஐசக் கிளைனர், ஈலை வான்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் முதன்மைப் பாத்திரங்கள். தாங்கள் ப்ளாக் மெசாவில் ஃப்ரீமனோடு பணிபுரிந்தவர்கள் என்கிறார்கள். ஆனால் 1998இன் மூலத்தில் அப்பெயர்கள் இல்லை. விஞ்ஞானிகளுக்கு மொத்தம் நான்கு முகங்கள், ஒரே குரல். அந்த நான்கு முகங்களும் அத்தியாயம்தோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. காவலர்கள் அனைவருக்கும் ஒரே முகம், செல்லப்பெயர் 'பார்னி'. 'ப்ளாக் மெசா' இந்த இடத்தில் திருத்தம் செய்கிறது. பின்னால் வந்த கதையை முன்னால் கொண்டுபோய், கிளைனரையும் ஈலையையும் பெயரும் முகமும் உடையவர்களாக ஆய்வுக்கூடத்தில் நிறுத்துகிறது. தொடரை அறிந்தவருக்கு அது நெகிழ்ச்சியான இடம். என்னையும் நெகிழச் செய்தது.

ஆனால் முதன்முறை ஆடுகிறவருக்கு அது என்ன செய்கிறது? ஒரு பாத்திரத்துக்குத் தனி முகமும் தனிக் குரலும் கொடுத்த அக்கணமே, இவர் முக்கியமானவர், இவர் சாகமாட்டார் என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. மூலத்தில் அந்த உத்தரவாதம் எவருக்கும் இல்லை. ஒரே முகங்கொண்ட மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராக இறக்கிறார்கள். கதவைத் திறக்க உதவிய கையோடு ஒருவர் இழுத்துச் செல்லப்படுகிறார், அடுத்த தாழ்வாரத்தில் அதே முகம் மேசைக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அது அன்றைய கணினிகளின் நினைவகப் பற்றாக்குறையால் வந்த சிக்கனம்தான், மறுக்கவில்லை. ஆயினும் ஒரு பெரிய நிறுவனத்தில் ஊழியர்கள் ஒருவருக்கொருவர் மாற்றாக வைக்கத்தக்கவர்கள் என்ற உண்மையை அந்தச் சிக்கனமே சொல்லிவிடுகிறது. அதைச் சொல்லும் திட்டம் ஆக்கியோரிடம் இருந்ததா என்ற கேள்வி இலக்கிய மாணவர்களாகிய நமக்கு எப்போது தடையாக இருந்திருக்கிறது?

திரைப்படத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். சரத்சந்திரரின் 'தேவதாஸ்' நாவலில் பார்வதியும் சந்திரமுகியும் சந்திப்பதே இல்லை. பிமல் ராய் 1955இல் எடுத்த படத்தில் வழியில் ஒரு கணம் பேச்சின்றிக் கடந்துபோகிறார்கள். சஞ்சய் லீலா பன்சாலியின் 2002ஆம் ஆண்டுப் படத்தில் இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். 2002இல் தொடங்கிய மாணவர்கள் பிமல் ராயின் படத்தைப் பார்க்கும்போது அந்த மௌனக் கணத்தை ஒரு குறையாகவே காண்பதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஆட்டம் எங்கே என்று தேடுகிறார்கள். நாவலிலிருந்து தொடங்கியவருக்கோ ஒவ்வொரு படமும் முந்தையதோடு நடத்தும் வாதம் கேட்கிறது. பார்த்த படைப்புகள் அவையே; வரிசை மாறும்போது ஒன்று வாதமாகவும் இன்னொன்று பற்றாக்குறையாகவும் ஆகிவிடுகிறது.

'ஹாஃப்-லைஃப்'இல் இதற்கு நேரான இடம், மின்னலைக் கைகளால் எறியும் அந்த வேற்றுலக உயிர்கள். மூலத்தில் பெரும்பாலான நேரம் அவை கண்டதும் சுடவேண்டிய எதிரிகள். ஆனால் உற்றுப் பார்த்தால் கழுத்தில் பச்சைப் பட்டை, மணிக்கட்டில் விலங்கு. ஆட்டம் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. இறுதிப் பகுதியில், ஆலை போன்ற ஓர் இடத்தில், அவற்றுள் சில நம்மைத் தாக்காமல் தம் வேலையைப் பார்க்கின்றன, நாம் தொல்லை தராதவரை. அங்கே ஒருவர் நின்று, அதுவரை கொன்றவற்றை எண்ணிப்பார்க்கக்கூடும். சுட்டுவிட்டுக் கடந்தும் போகலாம். இவை அடிமைப்பட்ட இனம் என்பதை 'ஹாஃப்-லைஃப் 2' வெளிப்படையாக்கியது. மறுஆக்கம் அந்த அறிவோடு ஸென் உலகை விரித்து, அவற்றின் குடியிருப்புகளையும் அச்சத்தையும் அவற்றின்மீது செலுத்தப்படும் கட்டுப்பாட்டையும் காட்டுகிறது. அழகாகவே காட்டுகிறது. ஆனால் காட்டுகிறது! விலங்கைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பு மறுஆக்கத்தில் தொடங்கியவருக்கு இல்லை. மூலத்தில் தொடங்கியவர் அதைக் கண்டிருந்தாலும் தவறவிட்டிருந்தாலும் மறுஆக்கத்துக்கு வரும்போது அது அவருக்கு ஒரு பதிலாக அமைகிறது.

இசையும் அப்படித்தான். கெல்லி பெய்லி மூலத்துக்கு அமைத்தவை பெரும்பாலும் ஓரிரு நிமிடத் துணுக்குகள். எங்கோ ஓரிடத்தில் ஒலித்து நின்றுவிடும். மற்ற நேரமெல்லாம் காற்றோட்டக் குழாயின் முனகலும் நம் காலடியும் மட்டுமே. ஜோயல் நீல்சன் மறுஆக்கத்துக்கு முழுநீள இசையை எழுதியிருக்கிறார். எந்தச் சண்டை வீரம், எந்த வெளி வியப்பு என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தனியாகக் கேட்க நீல்சனின் இசையே எனக்கு விருப்பம். அந்தத் தாழ்வாரங்களில் நடக்கையில் மௌனமே விருப்பம்.

எல்லா இடமும் என் வாதத்துக்கு உதவாது. ராணுவம் வந்து மீட்கும் என்று ஊழியர்கள் நெடுநேரம் நம்பிக்கொண்டிருக்க, வந்த வீரரை நோக்கி மகிழ்ச்சியோடு ஓடும் விஞ்ஞானி சுடப்படும் காட்சி இரண்டிலும் உண்டு, இரண்டிலும் அதிர்ச்சி தருகிறது. அந்த வீரர்கள் வானொலியில் பேசிக்கொண்டு, பக்கவாட்டில் சுற்றிவந்து, கையெறிகுண்டால் நம் மறைவிடத்தைக் கலைக்கும் விதம் 1998இல் பேசப்பட்டது, இன்றும் சலிப்பதில்லை. இதை வைத்து எத்தரப்பும் வாதிட வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி எங்கள் இலக்கிய மாணவர் ஒருவரிடமிருந்து வந்தது. சங்கப் பாடலை நம்மில் எவர் உரையில்லாமல் முதலில் படித்தோம்? குறளைப் பரிமேலழகரோ வேறெவரோ கைப்பிடித்து அழைத்துச் செல்லாமல் எத்தனை பேர் நுழைந்தோம்? பழையதை இன்றைய மொழியில் சொல்லும் உரைதானே மறுஆக்கமும்? அப்படியிருக்க, மொழியே புரியாத ஐந்து பேரை மூலத்துக்குள் தள்ளுவது என்ன நியாயம் என்றார்.

நல்ல கேள்வி. இரண்டு நாள் விடாமல் பின்தொடர்ந்தது. என் பதில் இது. உரை மூலத்தோடு ஒரே பக்கத்தில் நிற்கிறது. மேலே குறள், கீழே உரை. உரையாசிரியர் எங்கே வளைக்கிறார், எங்கே கூட்டுகிறார் என்பதைக் கண்ணை ஓரங்குலம் உயர்த்தினால் பார்த்துவிடலாம். மணக்குடவர் வேறுவிதமாகப் பிரித்தார் என்பதை அறியவும் குறளின் சொற்கள் அங்கேயே இருக்கின்றன. மறுஆக்கம் மூலத்தின் அருகில் நிற்பதில்லை. அது மூலத்தின் இடத்தில் நிற்கிறது. அதற்குள் நடந்துகொண்டிருக்கும்போது எது 1998, எது 2020 என்று காட்டும் கோடு எங்கும் இல்லை. இன்னொன்று, சங்கப் பாடலின் மொழி நமக்குக் கடினம், அதனால் உரை வேண்டும். 'ஹாஃப்-லைஃப்'இன் மொழி கடினமா? நடக்க நான்கு விசை, பார்க்க மவுஸ், சுட அதன் பொத்தான். மறுஆக்கத்துக்கும் அதேதான். பழையதாகிப்போனது அதன் தோற்றம். தோற்றம் பழையது என்பதற்காக உரை தேடுகிறவர், எழுத்துரு பழையது என்பதற்காக நூலை மூடிவைப்பவரைப் போன்றவர்.

இந்தக் கடைசி வரியை அவர் ஏற்கவில்லை. மூலத்தில் உண்மையான இடர்ப்பாடுகள் உண்டு என்றார். உண்டுதான். ஃப்ரீமன் தரையில் சோப்பு தடவியதுபோல் வழுக்குகிறார். ஏணிகள் எதிரிகளைவிடக் கொடியவை. 'ஆன் எ ரெயில்' என்ற அத்தியாயம் தண்டவாளங்களின் சுழலில் நம்மைத் தொலைத்துவிட்டு எப்போது முடியும் என்று ஏங்க வைக்கிறது. மறுஆக்கக் குழு அதைச் சுருக்கியபோது வருந்தியவர்களும் இருந்தார்கள், நான் அவர்களில் ஒருவனல்லன். மூலத்தில் பெண் விஞ்ஞானி ஒருவர்கூட இல்லை. ஒரு தேசிய அளவிலான ஆய்வு மையத்தில்! மறுஆக்கம் அதைச் சரிசெய்தது, சரிசெய்ததாக எங்கும் கூவாமல். எங்கள் வட்டத்தின் மாணவிகளுக்கு இது சிறு விஷயம் அல்ல, எனக்கும் அல்ல.

மறுஆக்கத்தின் வரலாற்றையும் குறைத்துப் பேசக்கூடாது. 2004இல் வால்வ் தன் புதிய 'சோர்ஸ்' என்ஜினுக்குப் பழைய விளையாட்டை அப்படியே பெயர்த்து 'ஹாஃப்-லைஃப்: சோர்ஸ்' என்று வெளியிட்டது. நீர் அழகாயிற்று, உடல்கள் இயல்பாக விழுந்தன, மற்றபடி அதே பழைய உருவங்கள். ஏமாந்த ரசிகர்கள் தாமே செய்யப் புறப்பட்டார்கள். இரு குழுக்கள் ஒன்றாயின. 2012 செப்டம்பரில் ஸென் பகுதி இல்லாமல் இலவச மோடாக வெளியிட்டார்கள். பிறகு வால்வின் இசைவோடு 2015இல் விற்பனைக்கு வந்தது, 2020 மார்ச்சில் ஸென்னோடு நிறைவுற்றது. சம்பளமில்லாமல் தொடங்கி, தூரதேசங்களிலிருந்து இணையத்தில் கூடி, இத்தனை ஆண்டு ஒரு பனுவலோடு வாழ்ந்திருக்கிறார்கள். பதிப்புப் பணி செய்கிறவர்கள் இதற்குத் தலைவணங்க வேண்டும்.

வட்டத்தினருக்கு ஓர் எச்சரிக்கை. இந்த 'சோர்ஸ்' பெயர்ப்பைத்தான் புதியவர்கள் மெருகேற்றிய மூலம் என்று நம்பி எடுத்துவிடுகிறார்கள். அது மூலமும் அல்ல, மறுஆக்கமும் அல்ல. பிழைகள் மலிந்தது. வால்வே 2023 நவம்பரில், 25ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1998இன் மூலத்தை அகலத்திரைக்கும் இன்றைய கணினிகளுக்கும் ஏற்பச் செப்பனிட்டு, இனி இதுவே முறையான பதிப்பு என்று அறிவித்து, 'சோர்ஸ்' பெயர்ப்பைக் கடையில் எளிதில் கண்ணில் படாதபடி ஒதுக்கிவைத்தது.

இந்தச் செயல் எவ்வளவு அரிது என்பதை உணர, வேறிடங்களில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2020இல் 'வார்க்ராஃப்ட் 3'இன் புதுப்பதிப்பு வந்தபோது, பழையதை வைத்திருந்தவர்களின் நிரலையும் அது மாற்றிவிட்டது. 2021இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வின் மூன்று பழைய விளையாட்டுகளுக்குப் புதுப்பதிப்பு வந்தபோது மூலங்கள் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்தபின்பே கணினிக்குரியவை மீண்டும் கிடைத்தன. நூலின் புதுப்பதிப்பு வந்தால் பழைய பதிப்பு நூலகத்தில் இருக்கும். இங்கே புதியது வரும் நாளில் பழையது அலமாரியிலிருந்து மறையலாம். எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்வி எங்களுக்குக் கிடைத்ததே மூலம் இன்னும் இருப்பதால்தான்.

மூலமே எப்போதும் முதலில் என்று நான் விதி சொல்லவில்லை. 1994இன் 'சிஸ்டம் ஷாக்' பற்றி இதே கேள்வி வந்திருந்தால் 2023இன் மறுஆக்கத்தைக் கையில் கொடுத்திருப்பேன். மவுஸால் சுற்றிப் பார்ப்பது வழக்கமாகுமுன் செய்யப்பட்ட விளையாட்டு அது. திரையெங்கும் பொத்தான்கள், உடலைச் சாய்க்கவும் குனியவும் தனித்தனிக் கட்டுப்பாடுகள். அங்கே மொழியே வேறு, உரை வேண்டும். நான்கே ஆண்டு பிந்திய 'ஹாஃப்-லைஃப்' நாம் இன்றும் பேசும் மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியின் இலக்கணத்தை வகுத்ததில் அதற்கும் பங்குண்டு.

நடைமுறைக் காரணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. மூலம் கேட்பது 96 எம்.பி. ராம். வட்டத்தில் ஆறு பேரிடம் இருப்பவை தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, ஆய்வேட்டுக்காக வாங்கிய மடிக்கணினிகள். விடுதி இணையத்தில் மறுஆக்கத்தைத் தரவிறக்குவதற்குள் விடுமுறை பாதி போய்விடும். மூலத்தை முடிக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். அதற்குள் துறை ஆய்வகத்தின் கணினிகளில் மறுஆக்கத்தை ஏற்றிவைத்துவிடலாம்.

மிச்சமிருப்பது சமரசத் திட்டம். 'லாம்ப்டா கோர்' அத்தியாயம்வரை மூலத்தை ஆடிவிட்டு, ஸென் தொடங்கியதும் மறுஆக்கத்துக்குத் தாவிவிடலாம் என்பது. ஆட்டக்காரர்களிடையே பரவலான யோசனைதான். மூலத்தின் ஸென்னை விரும்பிப் புகழ்கிறவர்கள் மிகக் குறைவு. மறுஆக்கத்தின் ஸென் பல மணி நேரம் விரிகிறது, ஒளியும் நீரும் தாவரங்களுமாக. கேட்கும்போது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் இதைத்தான் 'கிங் லியர்' நாடகத்துக்குப் பதிப்பாசிரியர்கள் நெடுங்காலம் செய்தார்கள். 1608இன் குவார்ட்டோவையும் 1623இன் ஃபோலியோவையும் கலந்து, இரண்டிலும் சிறந்தவை என்று தாம் கருதியவற்றைச் சேர்த்து, எந்தக் காலத்திலும் எவரும் நடித்திராத மூன்றாவது நாடகம் ஒன்றை உண்டாக்கினார்கள். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு இரண்டையும் தனித்தனியே அச்சிட்டபோதுதான் அவை ஒன்றோடொன்று பேசுவது கேட்டது. ஸென்னில் மூலம் தடுமாறுகிறது என்றால், தடுமாறுவதையும் பார்க்கட்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும், அவ்வளவுதான். 15 ஆண்டு உழைத்தவர்கள் எதைக் கண்டு, எது போதவில்லை என்று புறப்பட்டார்கள் என்பது வேறெப்படித் தெரியும்? மறுஆக்கத்தின் ஸென்னிலும் குறை உண்டு. 'இன்டர்லோப்பர்' அத்தியாயம் அளவுமீறி நீள்கிறது. மூலத்தின் சிக்கனத்தை அனுபவித்தவருக்கே அந்த நீளம் உறைக்கும்.

மூலத்தின் ஸென்னில், மிதக்கும் பாறைகளுக்கிடையே, ஃப்ரீமன் அணிந்திருப்பதைப் போன்ற பாதுகாப்பு உடையோடு சில உடல்கள் கிடக்கின்றன. அருகே கொஞ்சம் தோட்டாக்கள். பெயர் இல்லை, விளக்கம் இல்லை. நமக்கு முன்பே இங்கே ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று மட்டும் புரிகிறது. தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டு நடக்கிறோம். மறுஆக்கம் அந்தச் சில உடல்களிலிருந்து ஆய்வு முகாம்களையே கட்டியெழுப்பியிருக்கிறது. கருவிகள், விளக்குகள், பாதியில் நின்ற சோதனைகள், விட்டுச்சென்ற பொருட்கள். முதல்முறையாக அங்கே வந்து சேர்பவர் அலங்காரம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துச் செல்வார். அந்த உடல்களின் அருகில் குனிந்து தோட்டா பொறுக்கியவர் முகாமின் வாசலில் கொஞ்சம் நிற்பார்.